தண்ணீர் மாற்றியதும் படுத்துவிட்ட கெளுத்தி: யீஷூன் வீட்டுத் தொட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

காற்றை நேரே விழுங்கி மூச்சு வாங்கும் கெளுத்தியைப் பற்றி மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. எந்தத் தண்ணீரில் விட்டாலும் அது சாகாது, ஆகவே எந்தத் தண்ணீரும் அதற்குப் போதும் என்று. முதல் பாதி பெரும்பாலும் சரிதான். இரண்டாம் பாதியால் இந்த மீன்கள் எத்தனை காலம் கஷ்டப்படுகின்றன என்பதைக் காட்டத்தான் சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வீட்டில் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம் என்றார், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

மீனும் தொட்டியும்

நான்கறை வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு. கூடத்தில் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நிற்கும் தண்ணீர் 220 லிட்டர் வரும். மேலே ஒரு பெட்டி ஃபில்டர், உள்ளே வெள்ளைப் பஞ்சும் பீங்கான் வளையங்களும். தரையில் பொடிக்கல். அதில் ஒரே ஒரு மீன், உடம்பெல்லாம் வெளுத்த, கண் சிவந்த கெளுத்தி. வீட்டுப் பெண்பிள்ளை வைத்த பெயர் வெள்ளையன்.

விரல் நீளக் குஞ்சாக வாங்கியிருக்கிறார்கள், தரையைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நான்கு வருடம் ஆகிவிட்டது. முதல் வருடத்திலேயே கூட இருந்த மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின, இரவில் வேட்டையாடும் மீன் இது, வாயில் அடங்குவது எதுவும் மிஞ்சாது. நான் பார்த்தபோது கண்ணாடியோடு ஒட்டி நாடாவைப் பிடித்து அளந்ததில் 52 செ.மீ. தொட்டியின் அகலமோ 45 செ.மீ. அதாவது இந்த மீனால் தன் தொட்டியில் நேராகத் திரும்பவே முடியாது, ஒவ்வொரு முறையும் உடம்பை வளைத்து மடக்கித்தான் திரும்ப வேண்டும். இந்த ஒரு அளவைப் பார்த்ததுமே பாதி வழக்கு புரிந்துவிட்டது.

விற்ற கடையில் நடக்கும் கெளுத்தி என்றார்களாம். மலாய்க்காரர்கள் இக்கான் கேலி என்று சமைக்கும் அந்த வகைதான், விலங்கியல் பெயர் கிளாரியஸ் பட்ராக்கஸ். ஆனால் அது பொதுவாக 47 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை. இது அதைத் தாண்டிவிட்டது, தலையும் நீண்டு தட்டையாக இருந்தது, ஆகவே ஆப்பிரிக்கக் கெளுத்தி, கிளாரியஸ் கேரியபைனஸ் என்றே முடிவு செய்தேன். அல்லது அதன் கலப்பு. தாய்லாந்துப் பண்ணைகளில் ஆப்பிரிக்க ஆணையும் அந்த ஊர் கிளாரியஸ் மேக்ரோசெஃபாலஸ் பெண்ணையும் கலந்து பெருமளவில் வளர்க்கிறார்கள், அதனால் குஞ்சைப் பார்த்து இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சுத்தமான ஆப்பிரிக்கக் கெளுத்தி 170 செ.மீ. நீளமும் 60 கிலோ எடையும் எட்டியதாகப் பதிவு இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்த அளவு வராது, ஆனால் 60, 70 செ.மீ. சர்வ சாதாரணம். குஞ்சு விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இந்த வீட்டில் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

என்ன நடந்தது

ஒரு சனிக்கிழமை அண்ணன் தொட்டியைச் சுத்தம் செய்திருக்கிறார். அதற்கு முன் பல மாதமாகத் தண்ணீர் வற்றினால் ஊற்றுவது மட்டும்தான். மீன் நன்றாகச் சாப்பிட்டது, நன்றாக மூச்சு வாங்கியது, ஆகவே அவசரம் தெரியவில்லை. மீசைகள் குட்டையாகிக்கொண்டே போனதை மட்டும் அண்ணி கவனித்திருக்கிறார், வயதாகிறது என்று நினைத்திருக்கிறார்கள். அன்று பாதிக்கு மேல் தண்ணீரை எடுத்துவிட்டு, முந்தின இரவே வாளிகளில் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். ஊரில் அப்படித்தான் செய்வோம், ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்றார். ஃபில்டர் பஞ்சையும் வளையங்களையும் குழாயடியில் பளிச்சென்று கழுவி மாட்டியிருக்கிறார். முழுக்க முழுக்க அன்பில் செய்த வேலை.

அன்றிரவே மீன் மேல்மூடியை முட்டத் தொடங்கியது. காலையில் தோல் முழுதும் பால் படிந்ததுபோல் ஒரு படலம், வயிற்றிலும் துடுப்பின் அடியிலும் சிவப்பு, நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு ஒருக்களித்துச் சரிந்தது. "தம்பி, சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு, அழுக்குத் தண்ணியில நல்லாத்தானே இருந்துச்சு" என்று அண்ணன் போனில் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வின் மையம்.

அளந்து பார்த்தது

இந்த வழக்கில் பெரிய அதிர்ஷ்டம் ஒன்று உண்டு. எடுத்த பழைய தண்ணீரை அண்ணி எப்போதும் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுவார், அன்று ஒரு வாளி மிச்சம் இருந்தது. முன், பின் இரண்டையும் அளக்க வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது பின் மட்டும்தான்.

வாளியில் இருந்த பழைய தண்ணீர்: பிஹெச் (எண் குறையக் குறையத் தண்ணீர் புளிப்பு என்று பொருள்) 6, சோதனைப் பெட்டியின் கடைசி நிறமே அதுதான், உண்மையில் இன்னும் கீழே இருந்திருக்கலாம். மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா மொத்தம் லிட்டருக்கு 8 மி.கி., அட்டையில் கடைசிப் பச்சை. நைட்ரேட் நிறம் கருஞ்சிவப்பு. தொட்டியில் இருந்த புதுத் தண்ணீர்: பிஹெச் 7.4, அம்மோனியா 4, வெப்பம் 28 டிகிரி. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பாதியாகக் குறைந்திருக்கிறது, மீன் நன்றாகத்தான் ஆகியிருக்க வேண்டும்.

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். அம்மோனியம் என்ற உருவம் செவுளுக்குள் எளிதில் நுழையாது, அதிகம் கெடுக்காது. தனி அம்மோனியா என்ற உருவம் விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஹெச்சும் வெப்பமும். 28 டிகிரியில் பிஹெச் 6 என்றால் மொத்தத்தில் 0.07 சதவீதம்தான் விஷ உருவம், 7 என்றால் 0.7, 8 என்றால் ஆறரை சதவீதம். கணக்குப் போட்டால் பழைய தண்ணீரில் விஷ அம்மோனியா லிட்டருக்கு 0.006 மி.கி. அளவு, புதுத் தண்ணீரில் 0.07 மி.கி. அளவு. மொத்தம் பாதியானது, விஷம் பன்னிரண்டு மடங்கானது.

பழைய தண்ணீர் ஏன் அவ்வளவு புளித்துப்போனது? ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்த வேலைக்குத் தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கும், ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு கிராமுக்கு மேல், கால்சியம் கார்பனேட் கணக்கில். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதில் அந்தச் சேமிப்பே குறைவு. தண்ணீர் மாற்றாமல் விட்டால் சேமிப்பு தீர்ந்து பிஹெச் சரியும், 6 பக்கம் வந்ததும் பாக்டீரியாவே சோர்ந்துவிடும், அம்மோனியா தேங்கும். அந்தப் புளிப்பினால்தான் தேங்கிய அம்மோனியா மீனைக் கொல்லாமலும் இருந்தது. அழுக்குத் தண்ணீரில் நன்றாக இருந்தது என்று அண்ணன் சொன்னதற்கு இதுதான் காரணம், நன்றாக இருந்தது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தேய்ந்துபோன மீசைகள் வேறு கதை சொல்கின்றன.

இரண்டாவது அடி குளோரமின். பொதுப் பயனீட்டுக் கழகம் இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோரமினை விடுகிறது. குளோரின் என்றால் வாளியில் வைத்தால் பறந்துவிடும். குளோரமின் ஒரு ராத்திரியில் போகாது, அது நெடுநேரம் நிலைத்து நிற்க வேண்டும் என்றுதான் சேர்ப்பதே. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர் இந்த வாளிப் பழக்கத்தோடு வருகிறார்கள், இங்கே அது உதவாது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடையில் விற்கும் சாதாரண ஆன்டி குளோரினும் குளோரமினை உடைக்கும், ஆனால் உடையும்போது அதிலிருந்த அம்மோனியாவை வெளியே விடும். ஆகவே அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டிப்போடும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

குளோரமின் செவுளை அரிப்பதோடு நிற்காது, இரத்தத்தில் நுழைந்து ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாத வடிவமாக மாற்றும். இங்கேதான் காற்று மூச்சு என்ற பெருமை கைவிடுகிறது. கிளாரியஸ் இனத்துக்குச் செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு, அதற்குள் இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து காலிஃபிளவர் போலக் கிளைத்த ஓர் உறுப்பு. விழுங்கிய காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுப்பது அதுதான். ஆனால் அம்மோனியாவை வெளியேற்றும் வேலை செவுளுக்கு. மூச்சை மேலேயிருந்து வாங்கினாலும் கழிவை அது வாழும் தண்ணீரில்தான் விட்டாக வேண்டும், சுற்றிலும் அம்மோனியா நிறைந்திருந்தால் அந்த வேலை சிரமமாகும். அப்புறம் இரத்தமே சுமக்க மறுத்தால் எவ்வளவு காற்றை விழுங்கி என்ன பயன். நிமிடத்துக்கு ஒரு தரம் வெள்ளையன் மேலே வந்ததற்குப் பொருள் இதுதான்.

கடையில் அண்ணனுக்கு மஞ்சள் மருந்து கொடுத்து, பூஞ்சை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போட வேண்டாம் என்று தடுத்தேன். பூஞ்சை பஞ்சுபோல் ஓரிடத்தில் கொத்தாகப் பிடிக்கும். இது உடம்பு முழுதும் ஒரே சீராக வந்த கோழை, எரிச்சலுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு. செதில் இல்லாத மீன், தாமிரமும் ஃபார்மலினும் கலந்த மருந்துகள் அதன் தோலுக்குக் கடுமை, ஃபில்டரில் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் மருந்தில் போய்விடும். நாள் கணக்கும் முக்கியம், சுத்தம் செய்த அன்றிரவே தொடங்கிய நோயைத் தொற்று என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

செய்தது

முதலில் அம்மோனியாவைக் கட்டும் மருந்து, மாற்றிய தண்ணீருக்கு மட்டுமின்றி முழுத் தொட்டிக்கும். விளக்கை அணைத்தோம், உணவை நிறுத்தினோம். இவ்வளவு பெரிய கெளுத்தி ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, அண்ணியைத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அப்புறம் தண்ணீர் மட்டத்தை ஒரு அடிக்கும் கீழே இறக்கினோம். பலவீனமான காற்று மூச்சு மீனுக்கு மேலே வந்து போவதே பெரிய செலவு, தலையை நிமிர்த்தினால் காற்று கிடைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் அம்மோனியா அடர்த்தியாகுமே என்று கேட்டார் அண்ணன். எடுப்பதும் அதே தண்ணீர்தான், அந்த நேரத்துக்கு அடர்த்தி மாறாது, ஆனால் அதன்பின் சேரும் கழிவைக் கலைக்கத் தண்ணீர் குறைவு என்பது உண்மை, அதனால்தான் தினமும் அளந்தோம்.

உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கரைத்துச் சிறுகச் சிறுக விட்டோம். காரணம் அடுத்து வரப்போகும் நைட்ரைட், அம்மோனியா நைட்ரேட்டாகும் வழியில் நடுவே உண்டாவது. கழுவிய ஃபில்டரில் பாக்டீரியா அநேகமாகப் போய்விட்டது, மறுபடி வளரும்போது அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், அதுவும் இரத்தத்தைப் பழுப்பாக்கும் விஷம். உப்பில் இருக்கும் குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசல் வழியாக நுழையப் போட்டி போடுகின்றன, குளோரைடு கூட்டமாக நின்றால் நைட்ரைட் உள்ளே போவது குறையும். என் வீட்டு ஃபில்டரிலிருந்து ஊறிய வளையங்கள் ஒரு பை கொண்டுபோய்ப் போட்டேன். எதிர்பார்த்தபடி இரண்டாவது வாரம் நைட்ரைட் எட்டிப் பார்த்தது, அதிகம் ஏறாமல் அடங்கியது.

தண்ணீர் மாற்றம் தினமும் பத்தில் ஒரு பங்கு, மருந்து கலந்த தண்ணீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக. பிஹெச்சை ஒரே நாளில் சரிசெய்ய ஆசைப்படக் கூடாது. பின்னாளில் மறுபடி சரியாமல் இருக்க ஃபில்டரில் ஒரு வலைப்பையில் நொறுக்கிய பவளச் சில்லு போட்டோம், அது மெல்லக் கரைந்து காரத்தைக் கொடுக்கும்.

முதல் வார முடிவில் கோழைப் படலம் போய்விட்டது. மூச்சு பழையபடி நிதானமானது. அப்புறம் வந்த மாற்றம்தான் என்னைச் சந்தோஷப்படுத்தியது, தேய்ந்திருந்த மீசைகள் நுனியில் மெல்லிய வெள்ளை இழையாக வளரத் தொடங்கின. நான்கு ஜோடி மீசை, இருட்டில் சேற்றில் இரையைத் தேடும் மீனுக்குக் கையும் நாக்கும் அதுதான், அடிப்பகுதி கெடாமல் இருந்தால் வளரும். இடது கண்ணில் விழுந்த மங்கல் மட்டும் போகவில்லை. பொடிக்கல்லை எடுத்துவிட்டு வெறும் தரை ஆக்கினோம். உணவு கோழி ஈரலிலிருந்து மூழ்கும் குருணை உணவுக்கும் தேக்கா சந்தையிலிருந்து வாங்கி உறையவைத்த இறாலுக்கும் மாறியது, வாரத்துக்கு மூன்று தரம். உயிரோடு தங்கமீன் போடுவது சிலருக்குப் பழக்கம், அதில் தயமின் என்ற வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, நோயும் கூடவே வரும், வேண்டாம்.

எங்கே வைப்பது

மீன் பிழைத்தது, தொட்டி அதே 45 செ.மீ.தான். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத் தொட்டி யோசித்தோம். இரண்டடி உயரம் என்றால் 800 லிட்டர், கண்ணாடியும் தாங்கியும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். வீவக வீட்டுத் தரை சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்கு வடிவமைத்தது, அது பரவலான சுமைக்கான கணக்கு என்றாலும் ஒரு மூலையில் ஒரு டன் வைப்பதைப் பொறியாளரைக் கேட்காமல் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனின் நண்பர் ஒருவர், பக்கத்தில்தானே லோவர் செலேத்தார் நீர்த்தேக்கம், பௌத்தர்களின் விசாக தினம் வருகிறது, புண்ணியமாகப் போகும், விட்டுவிடு என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் இது சட்டப்படி குற்றம், தேசியப் பூங்காக் கழகம் ஒவ்வொரு வருடமும் விசாக தினத்தையொட்டி விலங்குகளை விடாதீர்கள் என்று பிரசாரமே நடத்துகிறது. சட்டத்தை விடுங்கள், ஆப்பிரிக்கக் கெளுத்தி எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், இந்தியாவில் 2000ஆம் ஆண்டே அதை வளர்க்கத் தடை போட்டதற்குக் காரணம் உள்ளூர் மீன்களை அது அழித்ததுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1960களில் தப்பிய நடக்கும் கெளுத்தி மழையில் தரை மீது ஊர்ந்து மீன் பண்ணைக் குளங்களுக்குள் நுழைய, பண்ணைக்காரர்கள் குளத்தைச் சுற்றி வேலி போட வேண்டியதாயிற்று. பிள்ளைபோல் வளர்த்த ஒன்றைக் கொண்டுபோய் மற்ற உயிர்களின் தலையில் விடுவதில் எனக்குப் புண்ணியம் தெரியவில்லை.

கடைசியில் வழிகொடுத்தது அண்ணியின் தம்பி. செலேத்தார் பக்கம் தரைவீடு, பின்கட்டில் கூரை போட்ட இடம், சிமெண்டுத் தரை. எட்டடிக்கு நான்கடி ஃபைபர் தொட்டி வைத்து அரை மீட்டர் தண்ணீர் நிரப்பினோம், 1,400 லிட்டருக்கு மேல் நிற்கிறது. மீன் போகும் முன்பே பழைய ஃபில்டரை அங்கே மாட்டி ஓடவிட்டு, இன்னொரு பெரிய ஃபில்டரும் சேர்த்தோம்.

கொண்டுபோகும்போது வலை பயன்படுத்தவில்லை. பக்கத் துடுப்பு முள் ரம்பம்போல் பல் உள்ளது, வலையில் மாட்டினால் மீனும் கிழியும், நம் கையும் கிழியும். தொட்டிக்குள்ளேயே பெட்டியை இறக்கி மீனை அதற்குள் ஓட்டி, உடம்பு மூழ்கும் அளவு தண்ணீரோடு, மேலே காற்றுக்கு நிறைய இடம் விட்டு, மூடியில் துளையிட்டுக் கயிற்றால் கட்டினோம். கட்டாத மூடியை இந்த மீன் தலையாலேயே தள்ளிவிடும். புதுத் தொட்டிக்கும் மரச்சட்டத்தில் வலை அடித்து நான்கு மூலையிலும் கொக்கி போட்டாயிற்று. தண்ணீருக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறோம், காற்று வாங்க அது வேண்டும்.

கடைசியாக அளந்தபோது அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், பிஹெச் 7.2, நீளம் 54 செ.மீ. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவது தம்பியின் பொறுப்பு, மருந்து அளவை தொட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒரு வேலை பாக்கி. பின்கட்டு வடிகால் நேரே தெருக் கால்வாய்க்குப் போகிறது, மழை இரவில் எப்படியாவது வெளியே வந்துவிட்டால் அதற்கு அதுதான் வழி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்த வடிகாலின் வாய்க்குத் துருப்பிடிக்காத கம்பிவலை போட்டாக வேண்டும், அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.